மாமலை சாகிற படம்

பகலவனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், கிடையாது. அவனை மாட்டிவிட்டவனே நான்தான். ஆனாலும் வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நானே எழுதித் தொலைக்கிறேன்.

என் பெயர் பொன்ராஜ். வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது தொழில். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இருபத்து மூன்று வருடமாகத் திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். ஆகாயத்தில் பறக்கிறவன், கண்ணால் நெருப்பைக் கக்குகிறவன், ஊரையே ஒரு கையால் தூக்குகிறவன், எல்லோரும் தமிழ்நாட்டுக்குள் வந்தால் என் தமிழைத்தான் பேசியாக வேண்டும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் மனைவி சுகிர்தம் நான் எழுதிய ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. "கட்டடம் இடியறதைப் பார்க்க காசு குடுத்து உள்ள போய் உட்காரணுமாக்கும்" என்பாள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வியாசர்பாடி வழியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். மைதானத்தில் கால்பந்துப் போட்டி. ஒலிபெருக்கியில் ஒரு குரல். "இடது ஓரத்திலிருந்து எழும்பி வருகிறது பந்து. கோல்காப்பாளர் முன்னேறுகிறார். முன்னேறியது தவறு, பெருந்தவறு!" வண்டியை நிறுத்திவிட்டேன். அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த குரல். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. ஒழுங்காக 'ழ' சொல்லத் தெரிந்த ஆளைத் தேடித் தேடி அலுத்துப் போனவன் நான். வெயிலில் நின்று ஆட்டம் முடியும்வரை கேட்டேன்.

முடிந்ததும் பக்கத்தில் போய்க் கைகொடுத்தேன். முப்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான ஆள். பெயர் பகலவன். இந்த உடம்புக்குள்ளிருந்தா அந்தக் குரல் வந்தது என்று இருந்தது. மைக்கை அணைத்துவிட்டு, "இன்னா சார் ஆட்டம் ஆடறானுங்க, ஒரே கலீஜு. கத்திக் கத்தி எனக்குதான் தாவு தீருது" என்றான். இரண்டு தமிழையும் பேசியது ஒரே வாய்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மைக்கில் வந்த அந்தச் சுத்தத் தமிழுக்குக் காரணம் அவனுடைய அப்பா சின்னப்பையன். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவர். படிக்கத் தெரியாது. வேலை முடிந்து வந்ததும் மகனைப் படிப்பகத்துக்கு இழுத்துப்போய், செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். விளம்பரத்தைக்கூட விடக்கூடாது. அப்படிப் பழகிய நாக்கு. குடும்பம் பௌத்தம். அந்தப் பக்கத்தில் பௌத்த முறைப்படி கல்யாணம் நடந்தால் மணமக்களுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுக்கப் பகலவனைத்தான் கூப்பிடுவார்கள். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. வருகிற பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்க வேண்டும். மனைவி கார்குழலிக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை.

"கதாநாயகன் குரல்யா உனக்கு" என்று சொல்லி அவனை வடபழனி ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவன் அதை நம்பிவிட்டான்.

மூன்று வருடம் ஓடியது. காவலர் இரண்டு, பாலத்தில் மாட்டிக்கொண்ட பயணி, "ஓடுங்கள்!" என்று கத்துகிறவன், இப்படியே. யார்டில் விடுப்புக் கிடைக்கிற நாளெல்லாம் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயிலேறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி வந்துவிடுவான். நான் திருவொற்றியூரிலிருந்து வருவேன். சென்ட்ரலில் சேர்ந்துகொள்வோம். வழியெல்லாம் என் வசன நோட்டை வாங்கி நாயகனின் வரிகளை முணுமுணுத்துக்கொண்டு வருவான். ஒரு வாய்ப்பு, ஒரே ஒரு படம் முழுக்க நிமிர்ந்து நிற்கிற ஆளின் வாயாக இருக்க வேண்டும். அதுதான் அவனுடைய ஆசை.

எங்கள் வேலை முறையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். படம் திருட்டுத்தனமாக வெளியே போய்விடும் என்ற பயத்தில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு முழுப் படத்தைக் காட்டமாட்டார்கள். திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும். பேசுகிறவனின் வாய் மட்டும் ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரியும். அவன் எங்கே நிற்கிறான், யாரிடம் பேசுகிறான், எதிரில் கல்யாணமா கருமாதியா, ஒன்றும் தெரியாது. வாய் மூடுகிற இடத்தில் 'ப'வோ 'ம'வோ வர வேண்டும், அகலமாகத் திறக்கிற இடத்தில் 'ஆ' வர வேண்டும். அவ்வளவுதான் எங்கள் இலக்கணம். யாரும் பேசாத காட்சிகள் எங்களுக்கு அனுப்பப்படுவதே இல்லை. வாய் திறக்காத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை?

அப்படி ஒரு நாள் வட்டத்துக்குள் இரண்டு பாறைகள் திறந்து மூடின. புதுப் படம். ஒரு கல் பூதம். தமிழில் 'மாமலை' என்று பெயர் வைத்தேன். மொத்தம் பதினோரு வரி. தமிழ்ப் பதிப்புக்குப் பொறுப்பாளர் மோகனப்ரியா. கெட்டிக்காரப் பெண்மணி, கெட்டவரும் இல்லை. அவர் சொன்னார்: "சார், படம் ரொம்ப சீரியஸா போகுது. இந்தக் கல்லுக்கு மட்டும் மெட்ராஸ் பாஷை போட்டா ஜாலியா இருக்கும்ல?"

எனக்கு மெட்ராஸ் பாஷை பேச வராது. டீக்கடையில் காதில் விழுந்ததையும் சினிமாவில் கேட்டதையும் கலந்து அடித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: 'எனக்கு ஒரு மகள் இருந்தாள். இப்போது இந்த மலையளவு வளர்ந்திருப்பாள்.' மலையளவு மகள்! இது நகைச்சுவை இல்லாமல் வேறென்ன என்று நினைத்தேன். எழுதினேன்: "எம் பொண்ணு இந்நேரம் மலை சைஸுக்கு வந்திருப்பா மாமு! மாப்ள பாக்கணும்னா ஹெலிகாப்டர்லதான் போணும்!"

பகலவன் தாளை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தான். "எங்க ஏரியால யாரும் இப்டி பேச மாட்டாங்க சார். இது சினிமாக்காரன் பேசற மெட்ராஸ் பாஷை."

"சினிமாதானே தம்பி எடுக்கறோம்" என்றேன்.

அவனுக்கு அது முதல் பெயருள்ள பாத்திரம். பேசினான். பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் நாள் முதல் காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். அப்போதுதான் முழுப் படத்தையும் பார்க்கிறோம். மாமலை குனிந்து நிற்கிறான். முன்னால் மண் மேடு. அதன் மேல் ஒரு சின்னக் கல். அதைத் தடவிக்கொண்டே அந்த வரியைச் சொல்கிறான். ஹெலிகாப்டர் என்ற சொல் வந்ததும் தியேட்டர் கூரை பிய்ந்துகொள்கிற மாதிரி சிரிப்பு.

"ண்ணா, அது சமாதிண்ணா" என்றான் பகலவன் என் காதில். அதுவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்தை அனுபவிக்க விடாமல் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரே வாரத்தில் ஷேர் ஆட்டோ முதுகில் ஹெலிகாப்டர், ஜோக்குப் படங்களில் ஹெலிகாப்டர். கம்பெனிக்கு ஒரே சந்தோஷம். அடுத்த படத்தில் மாமலைக்கு இருபது வரி, அதற்கடுத்ததில் நாற்பது. மூலப் படத்தில் அவன் ஊரிழந்து, பிள்ளையிழந்து, அடுத்தவனுக்காக அடி வாங்குகிற ஒரு பெருந்துயரன். தமிழ்நாட்டில் மட்டும் கோமாளி.

அவன் மாட்டிக்கொண்டது அங்கேதான். கம்பெனியின் விதி இது: ஒரு பாத்திரத்துக்கு ஒரே குரல், அந்தப் பாத்திரம் உயிரோடிருக்கிற வரைக்கும். அந்தக் குரலை அவர்களுடைய வேறு எந்தப் பெரிய பாத்திரத்துக்கும் வைக்கக்கூடாது. ரசிகனுக்குக் குழம்பிவிடுமாம். சரி, தமிழ்ப் படங்களாவது கூப்பிடுமா என்றால், கூப்பிட்டார்கள். எல்லோரும் ஒரே ஒரு வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள். "அந்த மாமலை வாய்ஸ்ல ஒரு ரவுடிக்குப் பேசணும் பிரதர்." இவன் நாயகன் வரியைப் படித்துக் காட்டுவான். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சூப்பர், இதையே அந்த வாய்ஸ்ல" என்பார்கள்.

வெளியே இப்படியென்றால் வீட்டுப் பக்கத்தில் இன்னும் மோசம். போன வருடம் அவர்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. நாலைந்து வீட்டில் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. பத்து நாள் அலைந்த பிறகு ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். பேசத் தெரிந்தவன் என்று பகலவனை முன்னால் தள்ளினார்கள். கறுப்புத் தண்ணீர் நிறைந்த பாட்டிலை நீட்டி, "இன்னா சார் இது? இத உங்க வூட்ல கொயந்தைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டான். அவன் கோபமாகத்தான் கேட்டான். கூட்டத்தில் யாரோ "மாமலை!" என்று கத்தினார்கள். பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். வாந்தி எடுத்த பிள்ளையின் தாயும் சிரித்தாள், தன்னை அறியாமல்.

பகலவன் சட்டென்று தமிழை மாற்றினான். "ஐயா, இது சிரிப்புக்குரிய விஷயம் இல்லை. குழந்தைகள் நோயுற்றுக் கிடக்கிறார்கள்." இன்னும் சிரித்தார்கள். மாமலை இலக்கணத் தமிழ் பேசினால் எப்படி இருக்கும் என்று இவன் செய்து காட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள். அதிகாரி விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நீங்கதானா அது? என் பையன் உங்க ரசிகன் சார்" என்று கைபேசியை நீட்டினார். வாழ்த்து ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, சிரித்த முகத்தோடு வண்டியேறினார். தண்ணீர் சரியாக இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது.

"நீ வாயத் தொறக்காம பாட்லை மட்டும் காட்டியிருக்கலாம்" என்றாளாம் கார்குழலி.

இதை என்னிடம் சொன்னபோது அவன் சிரிக்க முயற்சி செய்தான். "ரெண்டு பேச்சு இருந்துச்சுண்ணா எங்கைல. ரெண்டையும் புட்ங்கிக்கினானுங்க." கல்யாணங்களுக்கும் அவனைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. உறுதிமொழி சொல்லும்போது மணப்பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டால் யார்தான் கூப்பிடுவார்கள்? நியாயமாகப் பார்த்தால் அவன் என்னை நாலு அறை அறைந்திருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தான்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு வழி பிறந்தது. அதே கம்பெனியின் பெரிய நாயகன் 'வெண்பருந்து'. அவனுக்குத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் மகனோடு வெளிநாட்டில் தங்கப் போய்விட்டார். புதுக்குரல் தேர்வு. எங்கள் தொழிலில் இந்தத் தேர்வில் மட்டும் பெயர் கிடையாது, முகம் கிடையாது. ஏ, பி, சி, டி என்று எழுத்தைப் போட்டு ஒலித்துண்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கேட்டுவிட்டு ஒரு எழுத்தைச் சொல்வார்கள். நான் மோகனப்ரியாவிடம் சொல்லாமல் பகலவனையும் பேச வைத்துச் சேர்த்துவிட்டேன். அவனுக்கு வந்த எழுத்து 'சி'.

பத்து நாளில் மோகனப்ரியா கூப்பிட்டார். குரலே ஒரு மாதிரி இருந்தது. "சார், 'சி'யைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. 'சி' யாருன்னு இப்பதான் பார்த்தேன். உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

விதியை எடுத்துச் சொன்னார். நானும் பதிலுக்குக் கத்தினேன். முகம் தெரியாமல் கேட்டவர்களுக்குப் பிடித்திருக்கிறதே, அது கணக்கில் வராதா? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வரப்போகிற படத்தில் மாமலை சாகிறான். வசனத் தாளிலேயே இருக்கிறது. செத்துவிட்டால் விதி தடுக்காது. வெண்பருந்தின் அடுத்த படத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. "மாமலை போனதும் பகலவன் வெண்பருந்து. வெளிநாட்டு ஆபீஸ்லயும் சரின்னுட்டாங்க" என்றார்.

பகலவன் சென்ட்ரல் மெட்ரோ படிக்கட்டில் அப்படியே குந்திவிட்டான். "மெய்யாலுமா ண்ணா? சாவறானா?" என்று மூன்று தடவை கேட்டான். அன்றிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. காலண்டரில் வெளியீட்டுத் தேதியை வட்டம் போட்டு வைத்தான். கார்குழலி கிண்டல் செய்தாள்: "ஊர்ல ஒருத்தன் சாவணும்னு இப்டி நாள் எண்ணிக்கினு கீறியே, உனக்கே பேஜாரா இல்ல?"

சாவுக் காட்சியைப் பதிவு செய்யும் நாள் வந்தது. இந்தத் தடவை நான் உஷாராக இருந்தேன். மாமலை ஓர் அணையைத் தோளில் தாங்கிக்கொண்டு கீழே உள்ள ஊரைக் காப்பாற்றி, அப்படியே உடைந்து விழுகிறான் என்று மோகனப்ரியாவிடமிருந்து கறந்துவிட்டேன். ஆங்கில வரி: 'உங்கள் எல்லோரையும் சுமந்தேன். இனி என்னை இறக்கி வையுங்கள்.' செய்த பாவத்துக்குப் பரிகாரமாக நல்ல தமிழில் எழுதிக் கொண்டுபோனேன். மோகனப்ரியா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், நாலு படமா மாமு மாமுன்னு பேசினவன் சாகும்போது பட்டிமன்றத்துல பேசற மாதிரி பேசினா எப்படி? ஜனங்களுக்கு ஒரு பஞ்ச் வேணும். 'நான் அப்பீட்டு மாமு!' இப்படி ஏதாவது."

நான் கத்த ஆரம்பித்தேன். அவரும் விடவில்லை. கண்ணாடி அறைக்குள் பகலவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மைக்கில் சொன்னான்: "மேடம், ரெண்டும் வேணாம். ஒரே ஒரு டேக்கு என் இஷ்டத்துக்கு வுடுங்க. புடிக்கலன்னா அய்ச்சிருங்க."

விளக்கு எரிந்தது. கறுப்புத் திரையின் நடுவில் வட்டம். வட்டத்துக்குள் விரிசல் விட்ட பாறை உதடுகள். பகலவன் கண்ணை மூடிக்கொண்டான். உதட்டைப் பார்க்காமல் யாரும் டப்பிங் பேசுவதில்லை.

"எல்லாரையும் தூக்கியாச்சு," என்றான். பெரிய குரல் இல்லை. மூச்சு வாங்குகிற குரல். "தூக்கனது போதும்பா. எறக்கி வுடு."

அவ்வளவுதான். ஒலிப்பதிவாளர் நிறுத்துகிற பொத்தானை அழுத்த மறந்துவிட்டார். உதடு அப்படியே பொருந்தியது என்று பொய் சொல்லமாட்டேன். ஓரிடத்தில் அரை நொடி தள்ளிப் போயிருந்தது. யாரும் திருத்தவில்லை. மோகனப்ரியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இருக்கட்டும்" என்றார். நாலு படமாக நான் எழுதித் தள்ளிய அத்தனை மெட்ராஸ் பாஷையும் அந்த ஒரு வரிக்கு முன்னால் குப்பை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, "எங்கேயிருந்துய்யா பிடிச்சே அதை?" என்று கேட்டேன்.

டீ பாதி ஆனபிறகு சொன்னான். "எங்க நைனா சொன்னதுண்ணா. கடைசி எட்டு நாள் படுத்த படுக்கையா கீறாரு. முதுவெல்லாம் புண்ணு. தூக்கிக் குந்த வெக்கலாம்னு நான் கைய குட்த்தேன். அப்பதான் சொன்னாரு, தூக்கனது போதும்பா, எறக்கி வுடுன்னு. அதுக்கப்புறம் பேசவே இல்ல." கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெளில சொல்ற வார்த்தையாண்ணா அது? கார்குயலி கைலகூட சொன்னதில்ல. இன்னா பண்றது, அவன் ஒயுங்கா சாவணுமே."

எனக்கு அவனை அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. செய்யவில்லை. டீக்குக் காசு கொடுத்தேன்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு வடசென்னையிலேயே ஒரு தியேட்டரில் உட்கார்ந்தோம். நான், பகலவன், கார்குழலி மூன்று பேரும். மாமலை முதலில் தலை காட்டியதும் விசில், காகிதம், "மாமு! மாமு!" கூச்சல். பகலவன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் பயமெல்லாம் ஒன்றுதான். அந்த வரிக்கும் சிரித்துத் தொலைத்தால் என்ன செய்வது?

அணை உடைகிறது. மாமலை தோளைக் கொடுக்கிறான். அந்தக் குரல் வருகிறது. "எல்லாரையும் தூக்கியாச்சு." பின்வரிசையில் ஒருவன் பழக்கதோஷத்தில் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். "தூக்கனது போதும்பா. எறக்கி வுடு." எண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கிற அரங்கில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். திரையில் மாமலை துண்டு துண்டாக விழுந்தான். கார்குழலி திரும்பித் தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மாமனார் சாகும்போது அவளும் பக்கத்து அறையில்தானே இருந்தாள்.

"முட்ஞ்சுதுண்ணா" என்றான் பகலவன். அவன் கை என் கையைப் பிடித்தது. "எறக்கி வுட்டுட்டானுங்க."

படம் முடிந்து பாதிக் கூட்டம் கிளம்பியது. நாங்கள் கிளம்பவில்லை. இந்தத் தடவை தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் பெயரையும் கடைசியில் போடுவதாக மோகனப்ரியா சொல்லியிருந்தார். அதுவரை எந்தப் படத்திலும் அவன் பெயர் வந்ததில்லை. கார்குழலி கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள். வெளிநாட்டுப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தன.

இந்த மாதிரிப் படங்களில் பெயர்கள் ஓடியபின் ஒரு துண்டுக் காட்சி வரும் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் நினைத்தது இதுதான்: அப்படி ஒன்று இருந்தால் அதற்கு வசனம் என்னிடம் வந்திருக்கும். வரவில்லை. அதனால் இல்லை. இருபது வருடமாக வாயை மட்டுமே பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

பெயர்கள் நின்றன. திரையில் இடிந்த அணை. தண்ணீர் வடிந்த சேறு. கல் குவியல். யாரும் பேசவில்லை. ஒரு கூழாங்கல் மட்டும் உருண்டது. குவியலுக்கு நடுவில் கல் இமை ஒன்று மெதுவாகத் திறந்தது.

மிச்சமிருந்த கூட்டம் எழுந்து நின்று கத்தியது. "மாமு வந்துட்டாரு!" நாற்காலியைத் தட்டினார்கள். ஒருத்தன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். அந்தக் கூச்சலுக்கு நடுவில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது: மாமலை, பகலவன். கார்குழலி படம் எடுக்க மறந்து கைபேசியை மடியில் வைத்துவிட்டாள். பெயர் நாலு நொடி நின்றது. கைதட்டல் நிற்கவேயில்லை.

என் கைபேசி அதிர்ந்தது. மோகனப்ரியாவின் செய்தி. "சார், சத்தியமா எனக்கும் இப்பதான் தெரியும். மன்னிச்சிடுங்க. வெண்பருந்துக்கு 'டி'யைக் கூப்பிடச் சொல்லிட்டாங்க. மாமலைக்குத் தனிப் படம் வருது, மூணு பாகம். பகலவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நான் கைபேசியை அவனிடம் நீட்டினேன். படித்தான். திருப்பிக் கொடுத்தான். அவன் கத்தியிருந்தால், என்னை அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மேலே விளக்குகள் எரிந்தன. கார்குழலி அவன் தோளைத் தொட்டாள். அவன் வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க நைனா பேச்சக் குட்த்துதான்ண்ணா அவன சாவ வெச்சேன்" என்றான். "அட்த்த வாட்டி நான் யாராண்ட போய் வாங்கறது?"